மடித்தால் தெரியும் படம்

வணக்கம் ஐயா,

பழைய புத்தகக் கடையில் ‘மேட்’ என்ற அமெரிக்க நகைச்சுவை இதழ் கிடைத்தால் முதலில் பின்னட்டையைத் திருப்பி அதன் உட்புறத்தைத்தான் பார்ப்போம். ஒரு பெரிய படம், மேலே ஒரு கேள்வி. தாளை இரண்டு மடிப்பு மடித்தால் படமும் வாக்கியமும் சுருங்கி வேறொரு பதிலாகிவிடும். அந்த நாளின் கிண்டல் இதழ்களில் எனக்கு மிகவும் ஏக்கம் தருவது அந்த ஒரு பக்கம்தான். இப்போது என் மகள் கல்லூரி ஆண்டு மலருக்குத் தமிழில் அப்படியொன்று செய்ய முயல்கிறாள். மூன்று முறை வரைந்துவிட்டாள். மடித்தால் கோடுகள் சேரவில்லை, எழுத்தும் உடைகிறது. எங்கே பிசகு? என்னிடம் மிஞ்சியிருக்கும் நாலைந்து பழைய இதழ்களை மடித்துக் காட்டலாமா?

— ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மகள் பெரிய படத்தை முதலில் வரைந்துவிட்டு, பதிலை அதற்குள் தேடுகிறார் என்று நினைக்கிறேன். தொடங்க வேண்டியது மறுமுனையிலிருந்து. மடித்தபின் தெரியும் சின்னப் படம்தான் முதலில்.

மேட் ஓவியர் அல் ஜாஃபி இந்த மடிப்புப் படத்தைத் தொடங்கியது 1964 ஏப்ரலில், மேட் 86ஆம் இதழில். பிற அமெரிக்க இதழ்கள் வண்ணத்தில் வெளியே விரியும் படங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தன. அவர் அதை அப்படியே திருப்பி, கறுப்பு வெள்ளையில் உள்ளே மடியும் படம் கொடுத்தார். விரித்தால் ஹாலிவுட் நட்சத்திரங்கள் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும், மடித்தால் டெய்லர் வேறொருவருடன். பின்னட்டையின் உட்புறம் எந்த இதழுக்கும் விலை உயர்ந்த விளம்பர இடம். மேட் 1957 முதல் 2001 வரை விளம்பரமே வாங்கவில்லை. அதனால்தான் அந்தப் பக்கத்தைப் படத்துக்கு விட முடிந்தது. அந்த இடத்துக்கு வேறு சிறப்பும் உண்டு. அது வலப்பக்கம், பைண்டிங் இடதில், வலது விளிம்பு மடிக்கத் தோதாகச் சும்மா இருக்கிறது. ஆண்டு மலரிலும் அந்தப் பக்கத்தையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அளவு சொல்கிறேன். படத்தின் அகலம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து 5 செ.மீ.யில் ஒரு கோடு, அது ‘அ’. 15 செ.மீ.யில் இன்னொன்று, அது ‘ஆ’. தாளை 10 செ.மீ.யில் மடித்தால் வலது பாதி இடது பாதிமேல் கவிழும். கவிழ்ந்த தாளை ‘ஆ’ கோட்டில் வலப்பக்கமாகத் திருப்பி மடித்தால் அந்த மடிப்பு நேராக ‘அ’வின்மேல் வந்து உட்காரும். நடுவிலிருந்த 10 செ.மீ. மறைந்துபோகும். இடது ஓரத்து 5, வலது ஓரத்து 5, இரண்டும் சேர்ந்து 10 செ.மீ. அகலப் படம்.

ஆகவே 10 செ.மீ. அகலத்தில் பதில் படத்தை வரைந்து முடிக்கட்டும். அதை டிரேசிங் தாளில் படியெடுத்து, நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் 10 செ.மீ. விலக்கி ஒட்டட்டும். மிச்சமிருப்பது அந்த இடைவெளியை நிரப்பும் வேலை. இதில்தான் நாள்கணக்கில் நேரம் போகும். விரித்த படமும் தன்னளவில் முழுப் படமாக நிற்க வேண்டும். நடு வெறிச்சென்று இருந்தால் வாசகர் மடிக்காமலே கண்டுபிடித்துவிடுவார். ஜாஃபி கெட்டியான அட்டையில் தீட்டினார், அட்டை மடியாது. அச்சாகி வந்தபிறகே மடித்த படத்தை அவர் பார்க்க முடிந்தது. அளவு அவ்வளவு துல்லியம்.

கோடுகள் சேராததற்குக் காரணம் பெரும்பாலும் சாய்வு. யார் மடித்தாலும் அரை மில்லிமீட்டரோ ஒன்றோ பிசகும். மடிப்பைக் கிடைமட்டமாகக் கடக்கும் கோட்டில் அந்தப் பிசகு தெரியாது. 45 பாகை சாய்ந்த கோடு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ எகிறும், கண் உடனே பிடித்துவிடும். எனவே தோள், மேசை விளிம்பு, தரை, கூரை முகடு போன்றவை ‘அ’வையும் ‘ஆ’வையும் கடக்கட்டும். கண்ணும் வாயும் கோட்டின்மேல் வரவே கூடாது. இரண்டு கோட்டிலும் பின்னணி நிறம் ஒன்றாக, வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும். நிழல் இடதில் ஒரு பக்கமும் வலதில் மறுபக்கமும் விழுந்தால், கோடு சேர்ந்தாலும் படம் ஒட்டாது.

இனி எழுத்து. ஓர் உதாரணம். கேள்வி: “கோடையில் ஊருக்கு முதலில் தீர்ந்துபோவது எது?” படத்தின் கீழே வரி: “குடிசை வாசலில் எல்லோரும் குடிப்பது இளநீர்.” ‘குடி’ முடிந்ததும் ‘அ’, ‘நீர்’ தொடங்கும் இடத்தில் ‘ஆ’. மடித்தால் ‘குடிநீர்’. இடதில் குடிசைக் கூரை ஏறுகிறது, வலதில் இளநீர்க் குவியல் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் கவிழ்த்துவைத்த குடம். கூரையும் குவியலும் கோட்டைத் தொடும் உயரம் ஒன்றாக, உச்சி தட்டையாக இருக்கட்டும். மறையும் பகுதி, அதாவது ‘சை வாசலில் எல்லோரும் குடிப்பது இள’, சரியாக 10 செ.மீ. நீளம் வர வேண்டும். போதாவிட்டால் எழுத்துகளை இழுத்துப் பரப்பாமல் ‘வெயிலில்’ என்று ஒரு சொல்லைச் சேருங்கள். பரப்பினால் சூட்சுமம் வெளியே தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்து இங்கே ஒரு வசதி தருகிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ‘கோ’ என்பதில் காலை மட்டும் மறைத்தால் ‘கே’ மிஞ்சும். “கோயிலில் நேற்று ஊர் கூடி நடத்தியது பெரிய வேள்வி” என்ற வரியில் ‘கோ’வின் காலுக்கு முன்பாக ‘அ’வையும், ‘ள்வி’க்கு முன்பாக ‘ஆ’வையும் வையுங்கள். மடித்தால் ‘கேள்வி’. இதே வழியில் கொ, கெ ஆகும். ஆனால் எழுத்துக்கும் காலுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. கணினியில் தட்டச்சு செய்த ‘கோ’ ஒரே எழுத்தாக நிற்கும், இடைவெளி விட இணங்காது. எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டு, காலை மட்டும் ஒரு மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். ‘டி’யின் கொக்கி கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஒற்றும் முக்கியம். பதில் ‘பொதுக்கூட்டம்’ என்றால் இடதுபக்கச் சொல் ‘பொதுக்குளம்’, ‘பொதுக்குழு’ என்று ‘க்’கோடு கிடைக்க வேண்டும். ‘பொதுமக்கள்’ உதவாது.

அச்சகத்தில் மூன்று விஷயம். விளிம்பு வெட்டும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பின் ஆகும். எனவே விளிம்போடு விளிம்பு சேர்த்து மடிக்கும்படி குறிப்பு எழுதாதீர்கள். மேலும் கீழும் ‘அ’, ‘ஆ’ அம்புக்குறி போட்டு, அவை சேரும்படி மடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, தாளின் நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வழுவழுப்பான அட்டை மடிப்பில் வெடித்து மை உதிரும். ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள், நாரோடு கிழிந்தால் நேராகப் போகும். மூன்றாவது, மாதிரி எடுக்கும்போது 100 சதவீத அளவிலேயே எடுக்க வேண்டும். ‘தாளுக்குள் பொருத்து’ என்ற தெரிவு எல்லா அளவையும் சுருக்கிவிடும்.

உங்கள் பழைய இதழ்களை மடிக்காதீர்கள். பழுப்பேறிய தாள் ஒரு மடிப்பிலேயே முறியக்கூடும். சேகரிப்பவர்களும் இந்தப் பக்கம் மடிபட்டதா என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் அதே அளவில் நகலெடுத்து மடியுங்கள். திரையில் நடுப்பகுதியை வெட்டிவிட்டுக் காட்டினாலும் பதில் தெரியும்தான். ஆனால் கேள்வியைப் படித்தவரே தன் கையால் மடித்துப் பதிலை வரவழைக்கிறாரே, அது தாளில் மட்டுமே நடக்கும்.

ஆண்டு மலர் அச்சேறும் நாளில் மகள் நேரில் போகட்டும். முதல் தாளை வாங்கி, ‘அ’வும் ‘ஆ’வும் சேர மடித்துப் பார்த்த பிறகு மீதியை ஓட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்.