பிங் என்பது சுருக்கப் பெயரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகத்தில் எல்லோரும் ‘முடிந்ததும் பிங் பண்ணுங்க’ என்கிறார்கள். பிங் என்பது ‘பாக்கெட் இன்டர்நெட் க்ரோப்பர்’ என்பதன் சுருக்கம் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். எனக்கென்னவோ அது வெறும் ஓசைச் சொல்லாகத்தான் படுகிறது. எது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காதுக்குப் பட்டதே சரி.

19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இந்தச் சொல் உண்டு, துப்பாக்கிக் குண்டின் ஓசைக்கு. ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பகரத்தில் உதடு பட்டென்று திறக்கிறது. ஙகரம் மூக்கில் ரீங்கரித்து மெல்ல அடங்குகிறது. நடுவில் இருக்கும் இகரம் ஓசையைச் சன்னமாக்குகிறது. ‘பாங்’ என்றால் கனத்துவிடும். நம் கிணுகிணுவுக்கும் தடதடவுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

பிறகு நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் வந்தது. தண்ணீருக்குள் ஓர் ஒலித்துடிப்பை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். எதன்மேலாவது பட்டு எதிரொலி திரும்பினால், அதற்கு ஆன நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் துடிப்புக்கே பிங் என்று பெயர்.

1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ், வலையமைப்பில் கோளாறு பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினார். மறுமுனைக் கணினிக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு சிறு தரவுத் துண்டு, போகும். பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும். சோனாரின் வேலையேதான். அதன் ஓசையைத்தான் பெயராக வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். உங்கள் நண்பர் சொல்லும் விரிவாக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

மூஸ் பகிர்ந்த ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவருடைய அலுவலகத்தில் இணைப்பு விட்டுவிட்டு அறுந்தது. அந்த நபர், ஒவ்வொரு பதிலுக்கும் கணினி ‘பிங்’ என்று கத்தும்படி செய்து, ஸ்டீரியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து கேபிள் முனைகளை ஒவ்வொன்றாக ஆட்டினார். எந்த முனையைத் தொட்டபோது ஓசை நின்றதோ, அதுதான் பழுது.

அப்புறம், பயன்பாடு. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிங் என்றால் லேசான ஒரு தட்டல், அதற்கு ஒரு பதில். ‘இருக்கிறீர்களா?’ என்று ஒரு வரி கேட்டால் அது பிங். மூன்று பக்க மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ‘பிங் பண்ணினேன்’ என்றால் என் காது ஒப்புவதில்லை. உங்கள் அலுவலகத்தார் சொல்வது பொருத்தமாகத்தான் இருக்கிறது. தாராளமாகச் சொல்லுங்கள்.