பட்டாளத்துல இருந்து வந்தவருக்கு பீடியை நிறுத்தினா மனசு கெட்டுப்போகுமா?

கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்து வந்தவர், காஷ்மீர்ல குண்டுவெடிப்புல மாட்டினதுல இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு திடுக்குன்னு எழும்பி திண்ணையில போய் பீடி பத்த வைப்பாராம், திருவிழாவுல வெடி போட்டா அன்னைக்கு ஒரு கட்டு காலியாம். நிறுத்தினா மனசு இன்னும் மோசமாகுமா, பீடியை விட வைக்க டீயில கலந்து குடுக்குற பவுடர் வாங்கலாமான்னு.

அக்கா, அந்த பவுடரை தொடவே செய்யாதீங்க. உள்ள என்ன கிடக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது. ஏற்கெனவே எல்லாத்தையும் சந்தேகமா பாக்குற மனுஷன், பெண்டாட்டி டீயில எதையோ கலந்தான்னு தெரிஞ்சா அப்புறம் வீட்டுல தண்ணி கூட குடிக்க மாட்டார். 'மருத்துவ கார்டு இருந்தா போதும், நான் ஆஸ்பத்திரியில அட்மிட் போட்டுத் தாறேன்'னு வர்ற ஏஜெண்டையும் வாசலோட அனுப்பிருங்க.

மனசு கெடாது. அமெரிக்காவுல இதே மாதிரி மன பாதிப்போட புகைச்ச 943 முன்னாள் வீரர்களை வச்சு செஞ்ச ஆய்வு 2010ல வந்துச்சு, மனசுக்கு பாக்குறவரே புகைக்கும் சேர்த்து பாத்தப்ப நீடிச்சு நிறுத்தினவங்க 100க்கு 9 பேர் கிட்ட, புகையை நிறுத்த வைக்கிற தனி கிளினிக்குக்கு அனுப்பினதுல அதுல பாதிதான், மன பாதிப்பும் கூடல. நம்ம ஊர்ல என்னன்னா அதுக்கு ஒரு ஓபி இதுக்கு ஒரு ஓபி, ரெஃபரல் சீட்டுக்கு நிக்கிற நேரத்துல மனுஷன் வெளிய போய் ரெண்டு பீடி முடிச்சிருவார்.

பீடி பயத்தை அடக்கல, பீடி இல்லாத தவிப்பைத்தான் அடக்குது. முதல் ஒரு வாரம் குறைக்கவே வேண்டாம், எத்தனை மணிக்கு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு அவரே ஒரு நோட்டுல எழுதட்டும். அப்புறம் ராத்திரி ரெண்டு மணி பீடியை மட்டும் முதல்ல நிறுத்தப் பாருங்க, தீப்பெட்டி தலைமாட்டுல இருக்கக் கூடாது, எழும்பினதும் கால் தரையில பட உக்காந்து, மூச்சை மெதுவா விட்டுட்டு, ரூம்ல கண்ணுல படுற சாமான் ஒவ்வொண்ணா பேர் சொல்லணும், பத்து நிமிஷம் தள்ளிப்போட்டாலே ஆசை மெல்ல இறங்கிரும். நிறுத்துற தேதியை திருவிழா, தீபாவளி வாரத்துல வைக்காதீங்க.

மாத்திரைன்னா ஒரே ஒரு விஷயம். குண்டுவெடிப்புல தலையில அடி பட்டிருக்கா, எப்பவாவது வலிப்பு வந்திருக்கா? அப்படின்னா புகையை விடக் குடுக்குற புப்ரோபியான் மாத்திரை ஆபத்து, வலிப்பை கொண்டு வரலாம். ஸ்கேன் நார்மல்னு சொன்னாலும், அடி பட்டு பத்து வருஷம் ஆனாலும், டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களா சொல்லிருங்க.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநல ஓபிக்கு நேரா போங்க, புரோக்கர் எவனும் வேண்டாம். போறதுக்கு மடிச்சார்னா மனநல உதவிக்கு 14416க்கோ, புகையை விட 1800 11 2356க்கோ போன் போடுங்க, ரெண்டும் இலவசம். போட்டுட்டு போனை அவர் கையில குடுங்க, நீங்க பேசாதீங்க.