வகுப்பில் புரிகிறது, வீட்டில் வரவில்லை: இயற்கணிதத்தில் எங்கே இடறுகிறீர்கள்?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஆசிரியர் போர்டில் போடும்போது இயற்கணிதம் நன்றாகப் புரிகிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறேன். எடுத்துக்காட்டுக் கணக்குகளை நான்கைந்து முறை எழுதிப் பார்த்தும் தேர்வில் கோட்டை விடுகிறேன். சூத்திரங்களை மனப்பாடம் செய்தால் சரியாகிவிடுமா? தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது.

பதில்: சூத்திரத்தை மனப்பாடம் செய்து இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வந்தவரை நான் பார்த்ததில்லை. முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு மேலே படியுங்கள்:

5 − 2(க − 3) = 1

பாடநூலில் வேறு எழுத்து இருக்கும். நான் ‘க’ என்று வைத்துக்கொண்டேன். எந்த எழுத்தானாலும் அது ஓர் எண்ணுக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

விடை 5. உங்களுக்கு −1 வந்திருந்தால், மைனஸ் 2-ஐ மைனஸ் 3-ஆல் பெருக்கினால் பிளஸ் 6 என்பதைக் கோட்டைவிட்டிருக்கிறீர்கள். 5-லிருந்து 2-ஐக் கழித்து 3(க − 3) என்று தொடங்கியிருந்தால், கழித்தலுக்கு முன்பு பெருக்கல் என்ற வரிசை இன்னும் கைக்குப் பழகவில்லை. இரண்டுமே கீழ் வகுப்பில் விட்டுப்போனவை. இயற்கணிதம் வரவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வராமல் இருந்தது மைனஸ் குறியும் பின்னமும்தான். முதல் பத்து நாளை அவற்றுக்கே கொடுங்கள். சின்ன வகுப்புப் புத்தகத்தை எடுக்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது சமக்குறி. ‘இதோ விடை வருகிறது’ என்பதற்கான அடையாளமாகவே பலர் அதைப் படிக்கிறார்கள். 1557-இல் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு அதை அறிமுகம் செய்தபோது, ‘சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதும் அலுப்பைத் தவிர்க்க இரண்டு இணைகோடுகளைப் போட்டார். அவற்றைவிடச் சமமானவை வேறு இல்லை என்பது அவர் சொன்ன காரணம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு. ஒரு பக்கம் எதைச் செய்தாலும் மறுபக்கமும் அதையே செய்ய வேண்டும்.

‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்ற குறுக்குவழி எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். −3க = 12 என்ற சமன்பாட்டில், 3 அந்தப் பக்கம் போனால் மைனஸ் போய்விடும் என்று நினைத்து 4 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். இரு பக்கத்தையும் −3-ஆல் வகுத்தால் −4 தானாக வரும். குறுக்குவழியை ஒரு மாதம் மறந்துவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: ‘இருபுறமும் 6 கூட்டல்’, ‘இருபுறமும் 2-ஆல் வகுத்தல்’.

சந்தேகம் வந்தால் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்களின் கூடுதலை வர்க்கமாக்கினால் தனித்தனி வர்க்கங்களின் கூடுதல்தானே என்று தோன்றும். 3, 4 என்று வைத்தால் 7-இன் வர்க்கம் 49. 9-ம் 16-ம் சேர்ந்தால் 25 மட்டுமே. மீதி 24 எங்கே? பக்கம் 7 உள்ள ஒரு சதுரம் வரைந்து, ஒவ்வொரு பக்கத்தையும் 3, 4 என்று பிரித்துக் கோடு போடுங்கள். மூலையில் இரண்டு சதுரங்கள் போக, 3-க்கு 4 அளவில் இரண்டு செவ்வகங்கள் நிற்கும். கூடுதலின் வர்க்கத்துக்கான முற்றொருமையில் நடுவில் வரும் உறுப்பு, அதாவது 2 × 3 × 4, அதுதான். இதேபோல் (க + 6)/6 என்பதில் 6-ஐ 6-ஆல் அடித்து க + 1 என்று எழுதத் தோன்றினால், க-வுக்கு 12 போடுங்கள். உண்மையான மதிப்பு 3. நீங்கள் எழுதியது 13.

இனி படிக்கும் முறை. எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதும்போது வேலை செய்வது கண்ணும் கையும்தான். ஒரு முறை கவனமாகப் படியுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து எப்படி வந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடிவிட்டுப் போடுங்கள். நின்றுவிட்டால், நின்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். மறுநாள் எண்களை மாற்றிப் போடுங்கள்.

ஒரே வகைக் கணக்கை இருபது தடவை போடுவதும் ஏமாற்றும். எந்த முறை என்பது பயிற்சித் தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கன அளவுக் கணக்குகளைக் கலந்து போட்ட கல்லூரி மாணவர்கள் பயிற்சியின்போது அதிகம் தவறினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ அவர்கள் 63 சதவீதம், வகைவகையாகப் போட்டவர்கள் 20 சதவீதம். ஆகவே காரணிப்படுத்தல், நேரிய சமன்பாடு, பின்னம் என்று கலந்து பத்துக் கணக்கு போடுங்கள். மனம் சோர்வது இயல்பு; விட்டுவிடாதீர்கள்.

வார்த்தைக் கணக்குகளில் எழுத்தைப் போட அவசரப்படாதீர்கள். 9-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலில் குறியீடே கிடையாது, எல்லாம் சொற்கள்தான். நீங்களும் ‘பத்து ஆண்டு கழித்து அப்பாவின் வயது, அப்போதைய மகன் வயதைப்போல் இரு மடங்கு’ என்று முழு வாக்கியமாக எழுதிவிட்டு எழுத்துக்கு மாறுங்கள். பத்தை அப்பாவுக்கு மட்டும் கூட்டிவிட்டு மகனுக்கு மறக்கும் பிழை அப்போது வராது.

தினமும் 40 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் உட்காருவது இதற்கு ஈடாகாது. தவறிய கணக்குகளுக்கு ஒரு தனி நோட்டு வையுங்கள். சரியான விடையோடு, எந்த வரியில் ஏன் தவறியது என்பதையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள், அதில் ஒரு தகவலும் இல்லை. மூன்று வாரம் கழித்துப் புரட்டினால், உங்கள் பிழைகள் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடுவது தெரியும். இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை அதற்குப் பிறகு மனப்பாடம் செய்துகொள்ளலாம், ஒரு மாலைப் பொழுது போதும்.