பிளேட் வைத்த கை: எக்ஸ்ரே கோட்டைவிட மணிக்கட்டைப் பாருங்கள்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 52. பைக்கில் வரும்போது மாடு குறுக்கே வந்து, கீழே விழுந்ததில் வலது மேற்கை எலும்பு நடுவில் முறிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து ஏழு வாரம் ஆகிறது. எக்ஸ்ரேயில் இன்னும் கோடு தெரிகிறது. மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை, கை தொங்குகிறது. எண்ணெய்க் கட்டுப் போடலாம் என்று மாமனார் ஒரே பிடியாக நிற்கிறார். பிசான நடவுக்கு இவர் வயலில் இறங்கலாமா? பிளேட்டைப் பிறகு எடுக்க வேண்டுமா? (முக்கூடல் வாசகி)

பதில்: கோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். மேற்கை எலும்பின் நடுப்பகுதி கூடுவதற்கு மூன்று, நான்கு மாதம் ஆகும். ஏழாவது வாரத்தில் கோடு தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். முறிந்த முனைகளைப் பிளேட் இறுக்கிப் பிடித்திருந்தால், மாவுக்கட்டுப் போட்ட எலும்பில் தெரிவதுபோல் சுற்றிலும் புது எலும்புத் திரட்சி தெரியாது. கோடு மெல்ல மங்கிப் போகும், அவ்வளவுதான். வலி குறைந்துகொண்டே வருகிறதா, ஸ்க்ரூ எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறதா? அப்படியானால் பொறுத்திருங்கள். ஆறு மாதம் தாண்டியும் கூடாவிட்டால்தான் அடுத்த யோசனை.

நான் கவலைப்படுவது தொங்கும் கையைப் பற்றி. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்பு, மேற்கை எலும்பின் நடுவில் அதை ஒட்டியே சுற்றிக்கொண்டு போகிறது. எலும்பு அங்கே முறிந்தால் சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த நரம்பும் அடிபடுகிறது. பெரும்பாலும் அது அறுந்திருக்காது. இழுபட்டு அதிர்ந்திருக்கும், தானாகத் தேறும். ஆபரேஷனில் நரம்பை ஒதுக்கிப் பிடித்ததாலும் இப்படி ஆகலாம். அதுவும் அநேகமாகச் சரியாகிவிடும். ஆகவே கை தொங்கியது ஆபரேஷனுக்கு முன்பா, பிறகா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நரம்பைக் கண்ணால் பார்த்தார்களா, முழுதாக இருந்ததா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்கள். ஆபரேஷன் குறிப்பில் பெரும்பாலும் எழுதியிருக்கும். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நரம்பு வளர வேண்டியிருந்தால் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முறிந்த இடத்திலிருந்து முழங்கைப் பக்கத்துத் தசைகளை எட்டவே சில மாதம் பிடிக்கும். முதல் அறிகுறி மணிக்கட்டில் வராது. டம்ளரைப் பிடிப்பதுபோல் கட்டைவிரல் மேலே இருக்க முழங்கையை மடக்கச் சொல்லி, நீங்கள் லேசாகத் தடுத்துப் பாருங்கள். முன்கையின் மேல்பக்கத் தசை திரண்டு எழுந்தால் நல்ல சேதி. அதற்குப் பிறகு மணிக்கட்டு, கடைசியாகத்தான் கட்டைவிரலும் மற்ற விரல்களும். மூன்று, நான்கு மாதத்தில் எந்த அசைவும் இல்லை, நரம்புப் பரிசோதனையிலும் தேறும் அடையாளம் இல்லை என்றால் நரம்பைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒரு வருடம் சும்மா விட்டுவிட்டால் தசை வீணாகிவிடும்.

அதுவரை மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் அவசியம். தினம் நாலைந்து தடவை இடது கையால் வலது கை விரல்களையும் மணிக்கட்டையும் முழுசாக நிமிர்த்தி மடக்க வேண்டும். நரம்பு திரும்பி வரும்போது மூட்டு இறுகிக் கிடந்தால் என்ன பயன்?

எண்ணெய்க் கட்டு வேண்டாம். நீவி முறுக்கும் விசை, இன்னும் கூடாத எலும்பின் மேல்தான் விழும். கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் நிற்கும். நரம்பு அடிபட்டதால் புறங்கைத் தோல் மரத்துப்போயிருந்தால், சூடு பட்டாலும் தெரியாது. மாமனார் மனம் நோகாதபடி ஆட்டுக்கால் சூப் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். கெடுதல் இல்லை, எலும்பைக் கூட்டும் தனிச் சக்தியும் அதற்கில்லை. தினமும் முட்டை, பயறு, மீன், பால் என்று சாப்பிட்டாலே போதும். பீடித் தொழிலுக்குப் பேர்போன முக்கூடல் என்கிறீர்கள், அவர் பீடி குடிப்பவரா என்று எழுதவில்லையே? குடிப்பவரானால் அதை நிறுத்துவதைவிடப் பெரிய மருந்து நான் எழுதித் தர முடியாது. சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

நடவுக்கு வரப்பில் நின்று ஆள் வேலையை மேற்பார்க்கட்டும். தோளையும் முழங்கையையும் டாக்டர் சொன்னபடி அசைக்கலாம், தட்டு டம்ளர் எடுக்கலாம். எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் உறுதியாகும் வரை மண்வெட்டி, தண்ணீர்க்குடம், துணி பிழிவது, அந்தக் கையை ஊன்றி எழுவது எதுவும் கூடாது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல், எலும்பு கூடுமுன் பாரம் ஏற்றினால் பிளேட்டும் ஒடியும். மணிக்கட்டில் பலம் வராமல் பைக்கும் வேண்டாம். பிரேக் வலது கையில்தானே இருக்கிறது.

பிளேட்டை எடுக்க வேண்டுமா என்றால், தொந்தரவு தராதவரை வேண்டாம். பிளேட்டை ஒட்டியே நரம்பு தழும்போடு சேர்ந்து கிடக்கும். எடுக்கப் போய் மறுபடி கை தொங்கினால் வம்பு. காயத்தில் சீழ், காய்ச்சல், குறைந்த வலி திடீரென ஏறுவது, கையில் சடக்கென்ற சத்தம் — இதில் எது வந்தாலும் தேதிக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போகும்போது விபத்தன்று எடுத்த எக்ஸ்ரேயிலிருந்து எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.