தொங்கும் வீடுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நவம்பரில் மாட்ரிட் போகிறோம். கையில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. பக்கத்தில் குவென்கா என்ற ஊரில் பாறை விளிம்பில் தொங்கும் வீடுகளைப் பார்க்க ஆசை. ஆனால் உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தில் உருவமே இல்லாத அரூப ஓவியங்களாம். எனக்கு அவை பிடிபட்டதே இல்லை. வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

திரும்பிவிடாதீர்கள். வெளியே பார்ப்பது பத்து நிமிடக் காரியம். உண்மையில் அந்த வீடுகள் தொங்கவும் இல்லை, பாறைமேல் நன்றாக அழுந்தி உட்கார்ந்திருக்கின்றன. மர உப்பரிகைகள்தான் உவேகர் ஆற்றுப் பள்ளத்தின்மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

1966இல் அங்கே அருங்காட்சியகத்தைத் திறந்தவர் ஃபெர்னாண்டோ ஸோபெல், மணிலாவில் பிறந்த ஓவியர். ஸ்பெயினில் அப்போது சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி. தன் தலைமுறை ஸ்பானிய ஓவியர்களின் படங்களைச் சொந்தக் காசில் வாங்கிச் சேர்த்தவருக்கு அவற்றை மாட்ட இடம் இல்லை. டொலேடோ நகரில் தேடிப் பார்த்தார். குவென்காக்காரரான ஓவியர் குஸ்தாவோ டோர்னர்தான், நகராட்சி பழுதுபார்த்துக்கொண்டிருந்த இந்த வீடுகளைக் காட்டிக்கொடுத்தார். ஓவியர்கள் தாங்களே கூடி ஒழுங்குசெய்த இடம் என்பது உள்ளே நுழைந்ததுமே தெரியும். படங்களை நெருக்கியடித்து மாட்டவில்லை, சுவருக்கும் மூச்சுவிட இடம் இருக்கிறது.

அந்தத் தலைமுறை ஓவியர் மனோலோ மில்லாரெஸின் படத்தைத் தேடிப் பிடியுங்கள். கிழிந்த சாக்கை முறுக்கிச் சுருட்டி, கயிற்றால் தைத்து, மேலே கறுப்பையும் வெள்ளையையும் அப்பியிருப்பார். ஓட்டைகளின் ஓரத்தில் இழை பிரிந்து நிற்கும். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நின்றேன். சலித்துப்போய் ஜன்னல் பக்கம் நகர்ந்தால் எதிரே பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்: வெடிப்பு, அரிப்பு, மழைக்கறை. அதை எவ்வளவு நேரம் பார்த்தேனோ, அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வந்து சாக்கைப் பார்த்தபோது அதனிடமும் கேட்கத் தோன்றவில்லை.

அதிவேக ரயிலில் போனால் மாட்ரிடிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. இறங்கும் ரயில் நிலையத்துக்கே ஸோபெலின் பெயர்தான் (ஓவியர் பெயரில் ரயில் நிலையம்!). அது ஊருக்கு வெளியே இருப்பதால் பஸ் பிடிக்க வேண்டும். திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

படம் எடுக்க எப்படியும் சான் பாப்லோ பாலத்துக்குப் போவீர்கள். 1902இல் கட்டிய இரும்பு நடைபாலம், காலுக்குக் கீழே மரப்பலகை. உயரம் ஒத்துக்கொள்ளாது என்றால் எதிரே மட்டும் பார்த்து நடங்கள். நான் பாதி வழியில் குனிந்து பார்த்துவிட்டு, பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போகும்படி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.