சிஸ்கோ ரவுட்டரில் நாட்: இன்சைடு, அவுட்சைடா? வெறும் எனேபிளா?

கேள்வி: அலுவலகத்தில் ஒரு சிஸ்கோ ரவுட்டர், ஒரே ஒரு பொது ஐபி. உள்ளே ஐம்பது கணினிகளும் ஒரு வெப் சர்வரும் இருக்கின்றன. நாட் (உள் முகவரிகளைப் பொது ஐபியாக மாற்றும் வசதி) போட வேண்டும். சில கான்ஃபிக்குகளில் 'ஐபி நாட் இன்சைடு', 'ஐபி நாட் அவுட்சைடு' என்று இருக்கிறது. சிலவற்றில் இரண்டு பக்கமும் 'ஐபி நாட் எனேபிள்' மட்டும்தான். எதைப் பின்பற்றுவது?

பதில்: இன்சைடு, அவுட்சைடு முறையையே வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரில் ஐஓஎஸ் எக்ஸ்இ (சிஸ்கோவின் புதிய இயங்குதளம்) ஓடுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், எனேபிள் முறை (நாட் விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ், சுருக்கமாக என்விஐ என்பார்கள்) அதில் கிடையாது. அது பழைய ஐஓஎஸ்ஸில் 12.3(14)டி பதிப்பில் வந்தது.

வித்தியாசம் ரவுட்டர் வேலை செய்யும் வரிசையில் இருக்கிறது. வழக்கமான முறையில், உள்ளிருந்து வெளியே போகும் பாக்கெட்டுக்கு முதலில் ரவுட்டிங் (எந்த வழியாக அனுப்புவது என்ற முடிவு), அப்புறம் முகவரி மாற்றம். வெளியிலிருந்து வருவதற்கு முதலில் மாற்றம், பிறகு ரவுட்டிங். என்விஐயில் உள், வெளி என்ற பேச்சே இல்லை. ரவுட்டிங் பார்த்து, முகவரியை மாற்றி, மறுபடியும் ரவுட்டிங் பார்க்கும். கூடுதல் வேலைதான், ஆனால் அதில் ஒரு நல்லது உண்டு: உங்கள் அலுவலகத்துக்குள் இருப்பவர் பொது ஐபியை அடித்தே உள்ளே இருக்கும் சர்வரைத் திறக்கலாம். வழக்கமான முறையில் இது நடக்காது, ஏனென்றால் பாக்கெட் இன்சைடிலிருந்து அவுட்சைடுக்குத் தாண்டவே இல்லை, ரவுட்டர் தன் சொந்த முகவரிக்கு வந்ததாக எடுத்துக்கொள்கிறது.

இதற்காக மட்டும் என்விஐக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே உள்ள டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சர்வர்) சர்வர் பெயருக்கு 192.168.1.10 மாதிரி அதன் உள் முகவரியையே கொடுத்துவிடுங்கள், பாக்கெட் ரவுட்டரின் நாட் பக்கமே போகாது. பெயரால் இல்லாமல் பொது ஐபியையே நேரடியாகக் கூப்பிடும் மென்பொருள் இருந்து, ரவுட்டரும் பழையது என்றால், அப்போது என்விஐ சரி. இரண்டு முறைகளையும் ஒரே ரவுட்டரில் கலக்காதீர்கள், பிழை தேடுவது நரகம்.

சர்வருக்கு 443 போர்ட்டை (எச்டிடிபிஎஸ்) மட்டும் ஸ்டேட்டிக்காக, அதாவது நிலையான மாற்றமாக எழுதுங்கள், கணினிகளுக்கு ஓவர்லோடு, அதாவது எல்லாம் ஒரே பொது ஐபியைப் பகிரும் முறை. எந்த முகவரிகளை மாற்றுவது என்று சொல்லும் ஆக்சஸ் லிஸ்ட்டில் 'பெர்மிட் எனி' (எல்லாவற்றையும் அனுமதி) போடவே கூடாது, உள் சப்நெட்டை (உள் நெட்வொர்க்கின் முகவரி வரம்பை) மட்டும் குறிப்பிடுங்கள். பழைய வரியை நீக்கும்போது மேப்பிங் பயன்பாட்டில் இருக்கிறது என்று ரவுட்டர் மறுத்தால், 'கிளியர் ஐபி நாட் டிரான்ஸ்லேஷன் *' அடித்துவிட்டு உடனே நீக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் அறுந்துபோகும், அதனால் வேலை நேரம் முடிந்த பிறகு செய்யுங்கள்.