ஃபேன் கத்துகிறது, கம்ப்யூட்டர் கொதிக்கிறது: கேள்வி பதில்

சார், எங்கள் ஜெராக்ஸ் கடையில் ஐந்து வருட டெஸ்க்டாப். ஃபேன் முழு வேகத்தில் அலறுகிறது, பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் மெக்கானிக்.

மதர்போர்டு மேல் அதற்குள் பழி போட வேண்டாம். பல இன்டெல் பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் மெஷினை அணைத்துவிடும். உங்களுக்கு நடப்பது அதுவாக இருக்கலாம். கோர் டெம்ப் போன்ற, சூட்டைக் காட்டும் இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பாருங்கள். எந்த வேலையும் இல்லாமலே 80-ஐத் தாண்டினால் எனக்கு முதல் சந்தேகம் கூலர் மேல்தான், அதாவது பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனும் உலோகத் தகடுகளும்.

பிராசஸரோடு அதே பெட்டியில் வந்த இன்டெல் கூலர் என்றால் மூலைக்கு ஒன்றாக நான்கு பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். ஒன்று நழுவினாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றையும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கூலரைக் கழற்றி, பிராசஸரிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிது வைத்து, எதிரெதிர் மூலைகளாக 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும்.

பின்கள் சரியாக இருந்தால் அடுத்தது தூசி. ஃபேன் இறக்கையில் தெரிவதைத் துடைத்துவிட்டு விட்டுவிடுவார்கள். அதற்கு அடியில், அலுமினியத் தகடுகளின் இடுக்கில், கம்பளி மாதிரி ஒரு படலம் இருக்கும். காற்றைத் தடுப்பது அதுதான். உங்கள் கடையில் பேப்பர் தூளும் சேர்ந்திருக்கும். புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைப்பது? டூத்பேஸ்ட்டே போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

டூத்பேஸ்ட்டில் தண்ணீர் இருக்கிறது. முதலில் வேலை செய்வது போலத் தெரியும், காய்ந்ததும் பழைய கதைதான். பல் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள்! பச்சைப் பட்டாணி அளவு பேஸ்ட்டை நடுவில் வைத்து அழுத்தினால் அதுவே பரவிக்கொள்ளும். புதுக் கூலர் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, அரை நாள் பயாஸை (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) நோண்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் ஆன் செய்ததும் 'கரகர' சத்தம். இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். சூடு 45 டிகிரிதான். தேங்காய் எண்ணெய் விடலாமா?

சூடு இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் பேரிங்கில் எண்ணெய் வறண்டிருக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நாள் ஓடும். ஃபேனையே மாற்றுவது உத்தமம். முதலில் ஏதாவது ஒயர் இறக்கையில் உரசுகிறதா என்று பாருங்கள். சத்தம் பவர் சப்ளைக்குள் இருந்து வந்தால் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அண்ணா, ஹாஸ்டலில் மெத்தை மேல் வைத்து கேம் ஆடுகிறேன். லேப்டாப் 95 டிகிரி போகிறது.

மெத்தையை விட்டு இறக்கு தம்பி. அடியில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. மேசையில் வைத்து, பின்பக்கத்துக்கு இரண்டு ரப்பர் முட்டுக் கொடு. அப்புறம் விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச அளவை 100-இலிருந்து 99 சதவீதமாக மாற்றிப் பார். பல லேப்டாப்களில் டர்போ (பிராசஸர் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் வசதி) நின்று சூடு நன்றாக இறங்கும். வேகமும் கொஞ்சம் குறையும், அது அதற்குக் கொடுக்கிற விலை.

புதிதாக ஏஎம்டியின் ரைசன் 7600எக்ஸ் பிராசஸர் வாங்கினேன். இதுவும் 95!

பயப்படாதீர்கள். 2022-இல் வந்த அந்த வரிசையின் எக்ஸ் ரகங்கள் கனமான வேலையில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. சத்தம்தான் தொல்லை என்றால் பயாஸில் ஈகோ மோட் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் அமைப்பு) போடுங்கள்.

ஏசி இல்லாத அறை. மே மாதம் முழுக்க பக்க மூடியைக் கழற்றி வைக்கலாமா?

சோதனைக்கு அரை மணி நேரம் கழற்றுங்கள். சூடு சட்டென்று இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை, முன்பக்கம் ஒரு ஃபேன் சேர்க்கலாம். இறங்காவிட்டால் கோளாறு கூலரில். அறைச் சூட்டுக்குக் கீழே எந்த ஃபேனாலும் கொண்டுபோக முடியாது; அறை 10 டிகிரி ஏறினால் பிராசஸரும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். மாதக்கணக்கில் மட்டும் திறந்து வைக்காதீர்கள். நம் ஊரில் பல்லி குடியேறிவிடும். ஒரு மெஷினில் ஃபேன் சுற்றாததற்குக் காரணம் தேடி, கடைசியில் அதன் வாலைத்தான் எடுத்தேன்.